எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி: கடவுச்சொல்லின் அறுபது ஆண்டு வரலாறு



கணினிக் கடவுச்சொல்லுக்கு அறுபது வயது கடந்துவிட்டது. மனிதராக இருந்தால் மணிவிழா எடுத்து மாலை சூட்டியிருப்போம். கடவுச்சொல்லுக்கோ ஏச்சும் பேச்சுமே மிஞ்சியிருக்கின்றன. எண் சேர்க்கவில்லை, எழுத்து போதவில்லை, மூன்று மாதமாகிவிட்டது மாற்றுக என்று திரை நம்மை அதட்டுகிறது. நாமும் பதிலுக்கு அதைத் திட்டிக் கொள்கிறோம். இதற்கிடையில், நம் வீட்டு வரவேற்பறை மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கும் இணையப் பெட்டியின் சாவி யாருடைய கையில் இருக்கிறது என்னும் வினாவை மட்டும் யாரும் எழுப்புவதில்லை. அந்த வினா எங்கே பிறந்தது, எப்படி நம் வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்தது என்பதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் அறிந்திருப்பது நல்லது என்று கருதியே இப்பதிவை எழுதுகிறேன். சற்று நீளமான பதிவுதான், பொறுத்தருள்க.

2020, 2021-ஆம் ஆண்டுகளில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது, இல்லிருப்புக் கற்றல் கற்பித்தலுக்காக நம் மாணவர்களின் வீடுகளில் கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் பெருகின. அவற்றோடு வேறு சில கருவிகளும் நுழைந்தன. பெற்றோர் வேலைக்குப் போன பிறகு பிள்ளை வகுப்பில் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் இணையக் கேமரா, கைதட்டினால் எரியும் விளக்கு, பேசினால் பாட்டுப் போடும் ஒலிபெருக்கி என்று பட்டியல் நீளும். அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, சிறிய அச்சகம் நடத்தும் தந்தை ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "டீச்சர், அந்தப் பெட்டிய லைன்காரர் வந்து மாட்டிட்டுப் போனாரு. பாஸ்வர்ட் பெட்டிக்குக் கீழ ஒட்டியிருக்கு. அதுக்கு மேல எனக்கு ஒன்னும் தெரியாது" என்றார். பத்து வீட்டில் எட்டு வீட்டின் பதில் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

அவர் சொன்ன அந்தச் சொல், பெரும்பாலும் வைஃபையில் இணைவதற்கான சொல். பெட்டியின் உள்ளே சென்று அமைப்புகளை மாற்றுவதற்கான நிருவாகக் கடவுச்சொல் வேறு. முன்னது வாசற்கதவின் சாவி என்றால், பின்னது பூட்டையே கழற்றி மாற்றும் உரிமை. இந்த இரண்டாவது சாவியின் கதையைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். அதற்கு அமெரிக்காவில் 1960-களுக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமைக் காலையில் கிடைத்த காகிதம்

அக்காலத்தில் கணினி என்பது ஓர் அறையை அடைத்துக் கொள்ளும் பொறி. ஒருவர் பயன்படுத்தி முடித்த பிறகே அடுத்தவர் நெருங்க முடியும். இந்நிலையை மாற்ற, மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோ என்னும் அறிஞரின் தலைமையில் சி.டி.எஸ்.எஸ். என்னும் நேரப்பகிர்வு முறை உருவானது. 1961-ஆம் ஆண்டு நவம்பரில் அது முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. பலர் தத்தம் தட்டச்சு முனையங்களில் அமர்ந்து ஒரே கணினியை ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். பலர் கூடுமிடத்தில் ஒருவர் கோப்பை மற்றவர் திறந்துவிடக் கூடாதல்லவா? அதற்காக ஆளுக்கொரு கடவுச்சொல் தரப்பட்டது.

அடுத்த ஆண்டே, அதாவது 1962-இல், முதல் திருட்டும் நிகழ்ந்துவிட்டது. ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்கு வாரத்திற்கு நான்கு மணி நேரம் மட்டுமே கணினி ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கணினியில் உள்ள எந்தக் கோப்பையும் அச்சிட்டுத் தரும்படி துளையிட்ட அட்டை மூலம் வேண்டுகோள் விடுக்கலாம் என்பதை அவர் கவனித்தார். வெள்ளிக்கிழமை இரவு ஓர் அட்டையைப் போட்டார். சனிக்கிழமைக் காலையில் சென்று, அச்சிட்ட தாள்களோடு தாளாகக் கிடந்த கடவுச்சொல் பட்டியலை எடுத்துக் கொண்டார். பிறர் கணக்கில் நுழைந்து தமக்கு வேண்டிய நேரத்தைப் பெற்றுக் கொண்டார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளிப்படுத்தினார்.

1966-இல் நடந்தது இதைவிட வேடிக்கை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கணினியில் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்பு தோன்ற வேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாகத் தோன்றின. அறிவிப்புக் கோப்பும் கடவுச்சொல் கோப்பும் ஒரே நேரத்தில் திருத்தப்பட்டதால், இடைக்காலக் கோப்புகள் இடம் மாறிவிட்டன. கோர்பாட்டோ 1990-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்ற பிறகு ஆற்றிய உரையில் இந்நிகழ்ச்சியை மறைக்காமல் எடுத்துரைத்தார்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் ஓர் ஒற்றுமையைக் காணலாம். எந்தப் பயனரும் தம் கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லிவிடவில்லை. தாளில் எழுதி ஒட்டவும் இல்லை. அமைப்பைக் கட்டியவர்கள் வைத்த இடத்திலிருந்துதான் அது கசிந்தது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

தந்தையும் மகனும்

கடவுச்சொற்களை அப்படியே எழுதி வைப்பது ஆபத்து என்பது தெளிவானது. 1960-களிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீதாம் முதலியோர் ஒரு வழி கண்டிருந்தனர். நம் சமையலறையை வைத்தே அதை விளக்கிவிடலாம். அரிசியை அரைத்தால் மாவாகும். மாவிலிருந்து மீண்டும் அரிசியைப் பெற முடியாது. கணினி நம் கடவுச்சொல் என்னும் அரிசியை வைத்திராமல், அதை அரைத்த மாவை மட்டும் வைத்திருக்கும். நாம் மறுமுறை சொல்லை உள்ளிடும்போது அதையும் அதே முறையில் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று ஒப்பிடும். மாவைத் திருடியவனுக்கு அரிசி கிடைக்காது.

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. திருடன் அகராதியில் உள்ள சொற்களையெல்லாம் தானே அரைத்து வைத்துக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாமே! பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் பணியாற்றிய ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் இதற்கொரு மருந்து கண்டனர். ஒவ்வொருவருடைய மாவிலும் வெவ்வேறு எண் ஒரு சிட்டிகை சேர்க்கப்பட்டது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'உப்பு'. இன்றளவும் உலகமெங்கும் கணினித் துறையில் அதற்கு உப்பு என்றுதான் பெயர்.

அவர்கள் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. பயனர்களின் 3,289 கடவுச்சொற்களைச் சேர்த்து ஆராய்ந்தபோது, 2,831 சொற்கள், அதாவது 86 விழுக்காடு, எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவையாக இருந்தன. 15 பேர் ஒரே ஓர் எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தனர். 72 பேர் இரண்டெழுத்து. நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு சொற்கள் அகராதிகளிலும் பெயர்ப் பட்டியல்களிலும் அப்படியே கிடைத்தன. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2009 டிசம்பரில் ராக்யூ என்னும் நிறுவனத்தின் 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அரைக்காத அரிசியாகவே வைத்திருந்தார்கள் என்பது ஒருபுறம் இருக்க, அவற்றுள் முதலிடம் பிடித்த சொல் 123456. ஏறத்தாழ 2 இலட்சத்து 90 ஆயிரம் பேர் அதையே வைத்திருந்தனர்.

இந்த ராபர்ட் மோரிஸுக்கு ஒரு மகன். அவர் பெயரும் ராபர்ட் மோரிஸ்தான். தந்தை கட்டுரை எழுதிய ஒன்பதாவது ஆண்டில், 1988 நவம்பர் 2-ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்த மகன் ஒரு நிரலை இணையத்தில் அவிழ்த்து விட்டார். அஃது ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே நகர்ந்தது. அன்று இணையத்தில் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட சுமார் 60,000 கணினிகளுள் 6,000 கணினிகளை அது முடக்கியிருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மின்னஞ்சல் மென்பொருளில் இருந்த ஓட்டை, வேறொரு சேவையில் இருந்த பிழை ஆகியவற்றோடு, 432 பொதுச் சொற்கள் கொண்ட பட்டியலையும் அது கையில் வைத்திருந்தது. அச்சொற்களை ஒவ்வொன்றாகக் கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்த்தது, கதவுகள் திறந்தன. எளிய சொல் ஆபத்தானது என்று எண்ணிக்கையோடு எழுதிக் காட்டியவர் தந்தை. அதை நாடறியச் செய்து காட்டியவர் மகன். தந்தை அப்போது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவையில் கணினிப் பாதுகாப்பு அறிஞராகப் பணியாற்றிக் கொண்டிருந்தார் என்பதை எண்ணினால், அந்த வீட்டில் அன்றிரவு என்ன பேசிக் கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மகனுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகச் சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

தொழிற்சாலையில் வைத்த சொல்

இதுவரை பயனர்கள் தாங்களே தேர்ந்த சொற்களைப் பார்த்தோம். இனி வருவது நமக்கு நெருங்கிய செய்தி.

1986-இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கணினிக் கட்டணக் கணக்கில் 75 காசு உதைத்தது. வானியலாளரான கிளிஃபர்ட் ஸ்டோல் அந்த 75 காசைத் தேடிச் சென்றார். யாரோ ஒருவன் உள்ளே நுழைந்து, அங்கிருந்து இராணுவக் கணினிகளைத் துழாவிக் கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். ஆள் இருந்த இடம் செருமனி. தகவல்கள் விற்கப்பட்ட இடம் சோவியத் உளவுத்துறை. சுமார் 450 கணினிகளில் நுழைய முயன்று, முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் அவன் வெற்றி கண்டிருந்தான். எப்படி? பல இடங்களில், கணினியை விற்ற நிறுவனம் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாமல் அப்படியே இருந்தன. 'சிஸ்டம்' என்னும் பெயருக்கு 'மேனேஜர்'. 'ஃபீல்டு' என்னும் பெயருக்கு 'சர்வீஸ்'. அந்த வகைக் கணினியின் கையேட்டைப் படித்த எவருக்கும் தெரிந்த சொற்கள். இராணுவத்திலேயே மாற்றவில்லை என்றால், நம் அச்சகத் தந்தையை மட்டும் குறை கூறுவது நியாயமாகுமா?

2000-ஆம் ஆண்டுகளில் அகன்ற அலைவரிசை இணையம் வீடுகளுக்கு வந்தது. நம் நாட்டில் 2010-இல் யூனிஃபை ஒளியிழைச் சேவை தொடங்கியது. ரௌட்டர் என்னும் பெட்டி வீட்டுப் பொருளாயிற்று. அப்பெட்டிகளை இலட்சக் கணக்கில் உற்பத்தி செய்தவர்கள், எல்லாவற்றிலும் ஒரே நிருவாகக் கடவுச்சொல்லை வைத்து அனுப்பினர். பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. ஏன்? ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சொல் வைத்தால், அதை அச்சிட வேண்டும், ஒட்ட வேண்டும், மறந்துவிட்ட வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரே சொல் என்றால் செலவு மிச்சம். கையேட்டின் எங்கோ ஒரு பக்கத்தில் "இதை மாற்றிக் கொள்ளவும்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் கடமை முடிந்தது. ஒரு வீடமைப்பு நிறுவனம் தாமான் முழுவதற்கும் ஒரே சாவி கொண்ட பூட்டைப் பொருத்திவிட்டு, பூட்டை மாற்றிக் கொள்வது உங்கள் பொறுப்பு என்று சொன்னால் நாம் ஏற்றுக் கொள்வோமா?

பெட்டி பறிபோனால் என்னாகும் என்பதற்குப் பிரேசில் நாடு ஒரு சான்று. 2011, 2012-ஆம் ஆண்டுகளில் அங்கு ஏறத்தாழ 45 இலட்சம் வீட்டு மோடங்கள் திருடர் வசமாயின. மோடத்தின் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியே அவர்கள் நிருவாகக் கடவுச்சொல்லைப் பெற்றனர். பிறகு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்தனர். நாம் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் எண் முகவரியைச் சொல்லும் முகவரிப் புத்தகம் ஒன்று உண்டு. பெட்டி எந்தப் புத்தகத்தைக் கேட்க வேண்டும் என்பதை மாற்றிவிட்டனர். வீட்டில் இருப்பவர் தம் வங்கியின் பெயரைச் சரியாகத்தான் தட்டினார். பெட்டி அவரைத் தவறான கட்டடத்திற்கு அழைத்துச் சென்றது. கணினியில் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் இருந்தாலும், மாற்றம் நடந்தது கணினியில் அன்று. மூலையில் இருந்த பெட்டியில்.

2014-ஆம் ஆண்டு நவம்பரில் செய்தியாகிய இன்னொன்று. உலகெங்கும் தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத 73,000 கேமராக்களின் நேரடிக் காட்சிகளை ஓர் இணையத்தளம் வரிசைப்படுத்திக் காட்டியது. கடைகள், கார் நிறுத்துமிடங்கள், அவற்றோடு குழந்தைகளின் தொட்டில்களும் இருந்தன. இங்கு யாரும் எதையும் 'உடைக்கவில்லை'. சாவி ஊரறிந்தது, கதவைத் தள்ளினார்கள், திறந்தது.

பிறகு வந்தது 2016. மிராய் என்று பெயரிடப்பட்ட ஒரு நச்சுநிரல் இணையம் முழுவதும் அலைந்து, கேமராக்களையும் வீட்டு ரௌட்டர்களையும் காட்சிப் பதிவுக் கருவிகளையும் தட்டிப் பார்த்தது. அதன் கையில் இருந்தது பெயரும் கடவுச்சொல்லுமாக அறுபதுக்குச் சற்று மேற்பட்ட இணைகள் கொண்ட பட்டியல். அட்மின்-அட்மின், ரூட்-123456, ரூட்-888888 என்று அந்தப் பட்டியல் போகும். 1988-இல் மகன் மோரிஸ் வைத்திருந்த 432 சொற்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருபத்தெட்டு ஆண்டுகளில் தாக்குபவருக்குத் தேவைப்பட்ட பட்டியல் சுருங்கியிருக்கிறது! அந்தச் சிறு பட்டியலைக் கொண்டே, உச்ச நிலையில் ஏறத்தாழ ஆறு இலட்சம் கருவிகள் அதன் பிடியில் வந்தன. கேமரா வழக்கம் போலக் காட்சியைக் காட்டிக் கொண்டே இருக்கும். உரிமையாளருக்கு எந்த ஐயமும் எழாது. உள்ளே மட்டும் அது வேறு எசமானனுக்கு ஊழியம் செய்யும். கருவியை அணைத்துப் போட்டால் நச்சுநிரல் நினைவகத்திலிருந்து போய்விடும். கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் மீண்டும் வந்து குடியேறும்.

2016 செப்டம்பர் 20 அன்று, பிரையன் கிரெப்ஸ் என்னும் பாதுகாப்புச் செய்தியாளரின் தளத்தின் மீது இக்கருவிகள் ஒருசேரப் பாய்ந்தன. நொடிக்கு 620 கிகாபிட் அளவிலான தாக்குதல் அது. அம்மாத இறுதியில் மிராயின் மூல நிரல் பொதுவெளியில் போடப்பட்டது. அக்டோபர் 21-ஆம் நாள், அதே நிரலைக் கொண்டு வேறு சிலர் டின் என்னும் நிறுவனத்தைத் தாக்கினர். முன்பு சொன்ன முகவரிப் புத்தகத்தைப் பல பெரிய தளங்களுக்காக நடத்திய நிறுவனம் அது. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை, ரெட்டிட் ஆகியவை அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் திறக்கவில்லை.

உளவு நாடு ஒன்றின் வேலையோ என்று பலரும் அஞ்சினர். மிராயை எழுதியவர்கள் என்று 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக் கொண்டவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். நம் பிள்ளைகள் விளையாடும் அதே மைன்கிராஃப்ட் விளையாட்டின் வழங்கிகளை நடத்துவோருக்கிடையே இருந்த தொழிற்போட்டியில் பிறந்தது அந்த நிரல். நீதிமன்றம் அவர்களுக்குச் சிறை விதிக்காமல், ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணி நேரச் சமூகச் சேவையும் விதித்தது. மகன் மோரிஸின் 400 மணி நேரம் நினைவுக்கு வருகிறதா?

சட்டம் வந்த கதை

இத்தனை ஆண்டுகளும் அறிவுரை மட்டும் நம்மை நோக்கியே வந்து கொண்டிருந்தது. 2003-இல் அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி ஒன்றைப் பின்பற்றி, பேரெழுத்தும் எண்ணும் குறியும் கலந்த கடவுச்சொல், மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாற்றம் என்னும் விதிகள் உலகமெங்கும் அலுவலகங்களில் பரவின. மக்கள் என்ன செய்தார்கள்? சொல்லின் இறுதியில் 1 என்று போட்டார்கள். அடுத்த மாற்றத்தில் 2 என்று போட்டார்கள். அந்தப் பகுதியை எழுதிய பில் பர், 2017-இல் தாம் அன்று சொன்னவற்றுள் பலவற்றுக்காக வருந்துவதாகத் தெரிவித்தார். அதே ஆண்டு வெளிவந்த புதிய வழிகாட்டி, காரணமின்றிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டா என்றும், நீளமே முதன்மை என்றும், ஏற்கெனவே களவு போன சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு விலக்க வேண்டும் என்றும் கூறியது. நான்கைந்து தமிழ்ச் சொற்களைத் தொடர்பில்லாமல் கோத்து ஆங்கில எழுத்தில் எழுதினால் போதும். குறியீடுகளால் நிரம்பிய எட்டெழுத்தைவிட அது வலிது, நினைவிலும் நிற்கும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற நாளில் இதற்கு நேர்மாறாகவே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

உற்பத்தியாளரை நோக்கி முதலில் சட்டத்தின் விரல் நீட்டியது கலிஃபோர்னியா மாநிலம். 2018-இல் கையொப்பமாகி 2020 சனவரி 1 முதல் நடப்புக்கு வந்த அச்சட்டத்தின்படி, இணையக் கருவி ஒவ்வொன்றும் தனக்கென்று தனிக் கடவுச்சொல்லோடு வர வேண்டும். இல்லையேல் முதல் பயன்பாட்டிலேயே புதிய சொல்லை அமைக்கும்படி உரிமையாளரைக் கட்டாயப்படுத்த வேண்டும். 2020 சூனில் வெளிவந்த ஐரோப்பியத் தரநிலையின் முதல் விதியும் இதுவே. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இது சட்டம். எவ்வளவு காலத்திற்குப் பாதுகாப்புத் திருத்தம் வழங்குவோம் என்பதையும் விற்பவர் அங்கு அறிவிக்க வேண்டும்.

நமக்கு அண்டையில் சிங்கப்பூர் 2020 அக்டோபரில் இணையக் கருவிகளுக்கு ஒரு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. குளிர்பதனப் பெட்டியில் மின்சேமிப்பு முத்திரை ஒட்டுவது போல, ஒன்று முதல் நான்கு நிலைகள் வரை கருவியின் பாதுகாப்புக்குத் தகுதி வழங்குவார்கள். 2021 ஏப்ரல் முதல் அங்கு விற்கப்படும் வைஃபை ரௌட்டர்கள் முதல் நிலையையேனும் பெற்றிருத்தல் கட்டாயம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் இராமை, மென்பொருள் திருத்தம் கிடைத்தல் ஆகியன அந்த முதல் நிலையின் அடிப்படை. தற்செயலாக, அதே 2020 அக்டோபரில்தான் சிங்கப்பூர் வீடுகளின் கேமராக்களிலிருந்து திருடப்பட்ட காட்சிகள் இணையத்தில் விற்கப்படுவதாகச் செய்தி வெடித்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் தங்கள் வசம் இருப்பதாக அக்கும்பல் பீற்றிக் கொண்டது. காட்சிகளில் பிள்ளைகளும் இருந்தனர். பிள்ளையின் பாதுகாப்புக்கென்று பெற்றோர் தம் கையாலேயே மாட்டிய கேமராக்கள் அவை. இதை எழுதும்போது என் கை சற்றே தயங்குகிறது.

மலேசியாவில் 1997-இலேயே கணினிக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டது. மைசெர்ட் என்னும் உதவி மையமும் அவ்வாண்டில்தான் தோன்றியது; சைபர்999 என்னும் அதன் முறையீட்டுச் சேவையைப் பொதுமக்கள் யாவரும் பயன்படுத்தலாம். 2024 ஆகஸ்டு 26 அன்று இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடப்புக்கு வந்தது. ஆனால், அச்சட்டம் வங்கி, மின்சாரம், நீர், போக்குவரத்து போன்ற நாட்டின் முதன்மைக் கட்டமைப்புகளை மையமாகக் கொண்டது. கடையில் தொண்ணூறு ரிங்கிட்டுக்கு வாங்கும் கேமராவின் கடவுச்சொல்லைப் பற்றி அது பேசவில்லை. ஆகையால், நம் வீட்டைப் பொறுத்தவரை சாவி இன்னும் நம் கையில்தான் இருக்கிறது, அல்லது இல்லை.

சிறு வணிகம் நடத்தும் பெற்றோர் சிலர், "எங்களிடம் திருட என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் பேரங்காடியிலிருந்து 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் களவு போனது. திருடர் நுழைந்த வழி, அந்த அங்காடிக்குக் குளிர்சாதனப் பணி செய்து வந்த சிறு நிறுவனம் ஒன்றின் கடவுச்சொல். மின்னஞ்சல் தூண்டிலில் சிக்கிய அந்தச் சிறு நிறுவனத்திடம் திருட ஒன்றும் இருந்திருக்காது. பெரிய வீட்டின் பின்வாசல் சாவி இருந்தது. பள்ளிகளுக்கு வினாத்தாள் அச்சிட்டுத் தரும் அச்சகத்திற்கும், மாணவர்களின் அடையாளக் கார்டு எண்களை வைத்திருக்கும் துணைப்பாட நிலையத்திற்கும் இது பொருந்தும். 2017 மே 12 அன்று வானாக்ரை என்னும் பணயநிரல் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியபோது, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. புதுப்பித்தவர்கள் தப்பினர். புதுப்பிக்காவிட்டாலும், கோப்புகளின் படியைக் கணினியோடு இணைக்காமல் தனியே வைத்திருந்தவர்கள் பணயம் கொடுக்காமல் மீண்டனர்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒரு மாலைப் பொழுது வேலைதான். பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். நிருவாகக் கடவுச்சொல் தனியே அச்சிடப்பட்டிருக்கிறதா, 'அட்மின்' என்றே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எவ்வாறிருப்பினும் மாற்றிவிடுங்கள். தெரியாவிட்டால், இணைப்புத் தந்த நிறுவனத்தை அழைத்துக் கேட்பதில் கூச்சம் வேண்டா. பெரும்பாலான பெட்டிகளில் விருந்தினர் வைஃபை என்று ஒன்று உண்டு. கேமரா, விளக்கு, தொலைக்காட்சி ஆகியவற்றை அதில் விட்டுவிட்டு, வங்கிக் கணக்கைத் திறக்கும் கைப்பேசியையும் கணினியையும் முதன்மை இணைப்பில் வையுங்கள். அச்சகத்திலும் வாடிக்கையாளருக்குத் தரும் வைஃபையும் கணக்கு எழுதும் கணினியும் ஒரே இணைப்பில் இருத்தல் ஆகாது. மின்னஞ்சலுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை முதலில் போடுங்கள்; மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மீட்டெடுக்கும் வழி அதுதான். உற்பத்தியாளர் திருத்தம் தருவதை நிறுத்திவிட்ட பழைய கேமராவை, நன்றாக ஓடுகிறதே என்று பிள்ளையின் அறையில் விட்டு வைக்காதீர்கள். மேலே சொன்ன வெளிநாட்டுச் சட்டங்கள் யாவும் புதிதாக விற்கப்படும் கருவிகளுக்கே. சுவரில் ஏற்கெனவே தொங்குவதற்கு அன்று.

பாட்டி தாத்தா உள்ள வீடுகளில் இத்தனைக் கடவுச்சொற்களை எப்படி நினைவில் வைப்பது என்று கேட்பார்கள். வீட்டுக்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அலமாரியில் பூட்டி வைப்பதில் தவறில்லை. மிராயால் அலமாரியைத் திறக்க முடியாது. கடவுச்சொல்லைக் கணினிக்குக் கொண்டு வந்த கோர்பாட்டோ, 2019-இல் தம் 93-ஆம் வயதில் மறைந்தார். இணையக் காலத்தில் அது ஒரு கொடுங்கனவு போல் ஆகிவிட்டது என்று 2014-இல் ஒரு நேர்காணலில் சொல்லியிருந்தார். அப்போது அவரிடம் ஏறத்தாழ 150 கடவுச்சொற்கள் இருந்தன; அவற்றை மூன்று பக்கத் தாளில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்.